சுக்குக் குடோனில் அடிபட்ட மூக்கு

1. அண்ணாந்து வந்த ஆள்

சண்முகத்தை கேஷுவாலிட்டிக்குள் கூட்டிவந்தபோது இரண்டு பேர் அவர் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். மூன்றாவது ஆள் உச்சந்தலையில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தார். சட்டை முழுக்க ரத்தமும் தண்ணீரும். நான் போட்ட சத்தத்தில் முதலில் தண்ணீர் நின்றது.

"தலையை விடுங்க! முன்னாடி குனியட்டும். ரத்தத்தை அவரையே குடிக்க வைக்கிறீங்களா?"

"ரத்தம் கீழ வருது சிஸ்டர்" என்றார் பாட்டில்காரர்.

"வரட்டும். கண்ணுக்குத் தெரியுற மாதிரி வரட்டும்."

மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்வது நம் ஜனங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அப்படிச் செய்தால் ரத்தம் நிற்பதில்லை, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் ஆள் கறுப்பாக வாந்தி எடுப்பார், கூட வந்தவர்கள் மயங்கி விழுவார்கள். எவ்வளவு ரத்தம் போனது என்பதும் நமக்குத் தெரியாது. உட்கார வைத்து முன்னால் குனியச் சொல்லி, வாயால் மூச்சு விடச் சொல்லி, மூக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மெத்தென்ற சதையை இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மேலே கண்ணாடி உட்காரும் எலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிடித்த பிடியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் விடக் கூடாது. நின்றுவிட்டதா என்று நடுநடுவே திறந்து பார்ப்பவர்களுக்கு ரத்தம் நிற்கவே நிற்காது.

சண்முகத்தின் மூக்கை நானே பிடித்தேன். அடியில் உடைந்து நகர்ந்து போன மூக்காகத் தெரிந்தால் இப்படி இறுக்கியிருக்க மாட்டேன். நேராகத்தான் இருந்தது. நின்றது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொச்சியில் மட்டாஞ்சேரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பஜாரை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, பெரும்பாலும் கேஷுவாலிட்டியிலேயே நின்று, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். பஜாரில் மூட்டை தூக்கும், கட்டட வேலை பார்க்கும் தமிழ் ஆட்கள் அடிபட்டு வந்தால் வாசலிலேயே "விஜயா சிஸ்டர் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். டாக்டர் இருக்கிறாரா என்பது இரண்டாவது கேள்வி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

சண்முகம் கம்பத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். பஜாரில் ஹம்சாக்காவின் சுக்குக் குடோனில் தரம் பார்க்கும் ஆள். ஹம்சாக்கா அந்தக் குடோனின் முதலாளி; அக்கா இல்லை, இக்கா, எங்கள் பக்கம் அண்ணன் என்று அர்த்தம். வரும் மூட்டையில் கைவிட்டு ஒரு சுக்கை எடுத்து ஒடித்து மூக்கருகே வைப்பார் சண்முகம். பூசணம் பிடித்ததைக் கழுவிக் காயவைத்து ஏமாற்ற அனுப்பியிருந்தாலும் சொல்லிவிடுவார். பார்வைக்கு எல்லாச் சுக்கும் ஒரே சுக்குதான். அவர் மூக்கில்தான் அந்தக் குடோன் ஓடியது.

அன்று லாரியிலிருந்து மூட்டை இறக்கப் போட்ட நீளப் பலகையின் அந்த முனையில் ஆள் மிதிக்க, இந்த முனை எழும்பி, சாம்பிள் எடுக்கக் குனிந்திருந்த சண்முகத்தின் மூக்கில் விழுந்தது அடி.

எங்கள் டியூட்டி டாக்டர் ரீனா டாக்டர் வந்து பார்த்தார். பார்வை இரண்டாகத் தெரிகிறதா, பல் சரியாகக் கடிக்கிறதா, மூக்கிலிருந்து ரத்தம் அல்லாமல் தெளிந்த தண்ணீராக ஏதாவது சொட்டுகிறதா, நினைவு தப்பியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கண்ணைச் சுற்றி எலும்பை அழுத்திப் பார்த்தார். டார்ச் அடித்து மூக்குக்குள்ளும் பார்த்தார். உள்ளே நடுச்சுவர் சுத்தமாக இருந்தது. எக்ஸ்ரேயிலும் எலும்பு முறிவு இல்லை.

"நாளைக்கு வந்து ஒருதடவை காட்டணும். மூக்கு அடைச்சாலும் வலி கூடினாலும் அப்பவே வரணும்" என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். சண்முகம் நன்றாகத் தலையாட்டினார். தலையாட்டுகிற ஆளைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்தான். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அவர் எடுத்துப் போனது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பது.

மறுநாள் அவர் வரவில்லை.

2. பெட்ஷீட்டோடு வந்த சேதி

சண்முகத்தின் மனைவி கவிதா தேய்ப்பு வேலை செய்பவள். எங்கள் ஆஸ்பத்திரியின் பெட்ஷீட்டும் தலையணை உறையும் அவளிடம்தான் தேய்க்கப் போகும். அதற்கு அடுத்த நாள் காலை, துணி மூட்டையைக் கொண்டுவந்து டேபிளில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்னடி, தூங்கலயா?"

"எங்க சிஸ்டரக்கா தூங்குறது? எங்க வீட்டுக்காரரு வாயைப் பொளந்துக்கிட்டு விடுற குறட்டையில பிள்ளைங்க எந்திரிச்சு உக்காந்துடுச்சுங்க" என்று சிரித்தாள்.

"மூக்கு அடைச்சிருக்கா?"

"அது எப்பத்தான் அடைக்கல? சுக்குத் தூசியில நிக்கிற ஆளு. பக்கத்துக் குடோன்ல வத்தல் மிளகாய் வேற."

இந்த இடத்தை இளம் நர்ஸுகள் கவனமாகப் படிக்க வேண்டும். வேறு ஊரில் ஒருவருக்கு மூக்கு அடைத்தால் அது ஒரு சேதி. எங்கள் பஜாரில் அது சேதியே இல்லை. சுக்கு, மிளகு, மிளகாய் என்று தூசியிலேயே நிற்கிற ஜனங்கள். காலையில் தும்மலில் ஆரம்பிப்பார்கள், சாயங்காலம் ஒரு சட்டியில் வெந்நீர் வைத்துப் போர்வையை மூடி ஆவி பிடிப்பார்கள், மறுநாள் திரும்பவும் தூசிக்குப் போவார்கள். மூக்கடைப்பு சம்பளத்தோடு சேர்ந்து வருவது. அப்படிப்பட்டவரிடம் போய் "மூக்கு அடைத்தால் வா" என்று சொன்னால் எதற்கு வருவார்? பசித்தால் வா என்று சொன்ன மாதிரிதான்.

அதனால் நான் கேள்வியை மாற்றினேன்.

"எப்பவும் அடைக்கிற மாதிரியேதான் அடைச்சிருக்கா?"

கவிதா யோசித்தாள். "இல்லக்கா. எப்பவும் ஒரு பக்கம் அடைக்கும், புரண்டு படுத்தா அது தொறந்து மத்தது அடைக்கும். இது ரெண்டும் அடைச்சு அப்படியே நிக்குது. நேத்து ஆவி பிடிச்சு விட்டேன். மத்த நாள்னா சட்டுனு விட்டுரும். நேத்து அசையவே இல்ல."

"வலி?"

"அடிபட்ட அன்னிக்கு இருந்ததைவிட இப்பத்தான் ஜாஸ்தியாம். போர்வை மூக்கு நுனியில பட்டதுக்கே கத்திட்டாரு. பெரிய மனுசன் இப்படியா கத்துறதுன்னு நான்கூடத் திட்டினேன்."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் சிரிக்கவில்லை.

மூக்கில் அடிபட்டவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக அடைத்து நின்றால், வலி குறைய வேண்டிய நாளில் கூடினால், மூக்கு நுனி தொட முடியாமல் வலித்தால், எங்கள் தொழிலில் ஒரே ஒரு பெயர்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். செப்டல் ஹெமடோமா. இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர் குருத்தெலும்பு. அதன் மேல் ஒட்டியிருக்கிற மெல்லிய சவ்விலிருந்துதான் அந்தக் குருத்துக்கு ஊட்டம். அடிபட்டு, சவ்வுக்கும் குருத்துக்கும் நடுவில் ரத்தம் கட்டிக்கொண்டால் குருத்து பட்டினி கிடக்கும். ஓரிரு நாளில் சாக ஆரம்பிக்கும். சீழ் பிடித்தால் இன்னும் சீக்கிரம். பிறகு மூக்கின் நடுப்பாகம் உட்கார்ந்துவிடும், மூச்சு விடுவது ஆயுசுக்கும் பிரச்சினையாகும். அடிபட்ட உடனே பார்த்தபோது ஒன்றும் இல்லாத மூக்கில்கூட மறுநாளோ அதற்கு மறுநாளோ இது வந்து நிற்கும். திரும்பக் காட்டச் சொல்வது அதற்காகத்தான், ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் சேர்க்க அல்ல.

நேராக ரீனா டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார்.

"விஜயேச்சீ, ஆளெ இப்போத்தன்னே கொண்டு வா. நாளெக்கு வைக்கண்டா. ஞான் ஈஎன்டி-ல விளிச்சு பறயாம்."

இப்போதே கூட்டி வா, நாளைக்குத் தள்ளாதே, ஈஎன்டி டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்றார். கவிதா போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவள் சிரிப்பு அப்போதுதான் போனது.

"என்னக்கா, பெரிசா ஏதாவதா?"

"இன்னிக்குப் போனா சின்னது. வா, நடப்போம்."

டார்ச்சை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவளோடு குடோனுக்கு நடந்தேன். டியூட்டியை இன்னொரு சிஸ்டரிடம் விட்டுவிட்டுத்தான் போனேன், டாக்டருக்குத் தெரிந்துதான் போனேன். இதையும் இளையவர்கள் கவனிக்கவும். சொல்லாமல் ஓடுவது சேவை அல்ல, தலைவலி.

3. குடோன் வாசலில்

உள்ளே வரிசையாக உட்கார்ந்து பெண்கள் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் தும்மிக்கொண்டே இருந்தார். சண்முகம் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து குவியல் பிரித்துக்கொண்டிருந்தார். ஹம்சாக்கா தராசுப் பக்கம் நின்றிருந்தார். பஜாரில் பாதி ஆட்கள் தமிழர்கள் என்பதால் அவருக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றாகக் கலந்து வரும்.

"சிஸ்டரே, எந்தா இவிடெ? ஆருக்காணு சுகமில்லாத்தது?"

"உங்க ஆளுக்குத்தான் இக்கா. ஒரு நிமிஷம் வெளிச்சத்துக்கு வரட்டும்."

சண்முகத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து துண்டை எடுக்கச் சொன்னேன். வெளியே வீக்கம் சுமார்தான். பார்க்கிறவர்கள் தேறி வருகிறார் என்றுதான் சொல்வார்கள். மூக்கு நுனியை மெல்லத் தூக்கி டார்ச் அடித்தேன். அடிபட்ட அன்று நேராக நின்ற நடுச்சுவர் இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு, நாவல்பழ நிறத்தில், ஓரச் சுவரை முட்டி நின்றது. காற்று போக ஒரு நூல் இடமில்லை. தொட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் தொடாமலேயே எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

"இப்பவே கிளம்பணும் சண்முகம். ரீனா டாக்டர் பேசி வச்ச ஈஎன்டி டாக்டர் எர்ணாகுளத்துல நேராப் பார்ப்பாரு. உள்ளே ரத்தம் கட்டியிருக்கு, கீறி எடுக்கணும்."

"நாளைக்கு ஃபாரின் பார்ட்டி வர்றாங்க சிஸ்டர். சாம்பிளை முடிச்சுக் குடுத்துட்டு சாயங்காலம் வந்துடறேன்." மூக்கால் பேச முடியாமல் தொண்டையால் பேசினார். "எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எக்ஸ்ரேயில எலும்பு தெரியும். இது குருத்து. எக்ஸ்ரேக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

ஹம்சாக்காவும் சேர்ந்துகொண்டார். "ஒரு திவசம் மதி சிஸ்டரே. இந்த ஆர்டர் போயா அடுத்தது கிட்டுல்லா. நாளெ வைகுந்நேரம் ஞான் தன்னெ வண்டியில கொண்டு வராம்."

இந்த ஆர்டர் போனால் அடுத்தது கிடைக்காதாம், நாளை சாயங்காலம் தானே வண்டியில் கொண்டுவருவாராம். அவர் கெட்டவர் அல்ல. ஒரு நாள்தானே என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த ஒரு நாளில் என்ன போகும் என்பதை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறினேன். செப்டம், கார்ட்டிலேஜ் என்று பாடம் நடத்தினால் ஆள் திரும்பவும் தலையாட்டிவிட்டு ஸ்டூலுக்குப் போய்விடுவார். குவியலிலிருந்து ஒரு சுக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இது பச்சை இஞ்சியா இருக்கும்போது தோலுக்கும் கிழங்குக்கும் நடுவுல ஈரம் புகுந்து நின்னா என்ன ஆகும்?"

"அழுகிடும்." யோசிக்காமல் சொன்னார்.

"எத்தனை நாள்ல?"

"மழைக்காலம்னா ரெண்டே நாள்."

"அழுகினதைக் காயவச்சா பழையபடி ஆகுமா?"

அவர் கை தானாக மூக்கருகே போய் நின்றது. கவிதா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹம்சாக்காவை யாரோ தராசுப் பக்கம் கூப்பிட, போனார்.

அப்போதுதான் நான் கேட்டேன். "வாசனை தெரியுதா உங்களுக்கு?"

சண்முகம் குனிந்துகொண்டார். கையிலிருந்த சுக்கை ஒடித்தார். மூக்கில் வைக்கவில்லை.

"நேத்திலேருந்து ஒண்ணும் தெரியல சிஸ்டர்." தராசுப் பக்கம் கேட்காத மாதிரி சொன்னார். "ஒடிக்கிற சத்தத்தையும் உள்ளே நிறத்தையும் வச்சுப் பிரிச்சுட்டு இருக்கேன். முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா எனக்கு இங்க என்ன வேலை? இந்த வயசுக்கு மேல மூட்டை தூக்கச் சொல்றீங்களா?"

நேற்றிலிருந்து அந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதுவரை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வராததற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல, பயமும்தான். வந்தால் மூக்கு போய்விட்டது என்று நாங்கள் சொல்லிவிடுவோமோ என்று பயம். ஆனால் பரிதாபப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை.

"நான் சொல்ல மாட்டேன். ஒரு நோயாளி என்கிட்ட சொன்னதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்கதான் சொல்லணும். மூக்கு இன்னும் போகல சண்முகம், அடைச்சிருக்கு. அடைப்பை இன்னிக்கு எடுத்தா வாசனை திரும்ப வர்றதுக்கு எல்லா வழியும் இருக்கு. நாளைக்குன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. அதோட, மூக்கு வேலை செய்யாம பிரிச்ச சாம்பிளை நாளைக்கு அவங்க கையில குடுத்தா, மூக்கும் போகும், பேரும் போகும்."

"சொல்லுங்க" என்றாள் கவிதா. அதட்டலாகத்தான் சொன்னாள். "நான் தேய்ச்சுக் கஞ்சி ஊத்துறேன், வேலை போனா போகட்டும். போய்ச் சொல்லுங்க."

சண்முகம் தராசுப் பக்கம் போனார். ஹம்சாக்கா காதருகே குனிந்து என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஹம்சாக்காவின் முகம் மாறியது மட்டும் தெரிந்தது. அவர் நேராகச் சாம்பிள் குவியலுக்கு வந்து, நல்லது என்று பிரித்து வைத்திருந்ததில் கைவிட்டு ஒன்றொன்றாக எடுத்து முகர்ந்தார். நாலைந்து நன்றாக இருந்தது போல. அடுத்ததை முகர்ந்ததும் முகத்தைச் சுளித்துத் தூர எறிந்தார்.

பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். 

"எந்தா சண்முகா, என்னோடு பறயாஞ்ஞது?" என்கிட்ட ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கோபம் இருந்தது, ஆனால் நான் பயந்த கோபம் அல்ல அது. "உன்னோட மூக்கு இல்லாதெ எனிக்கு எந்து குடோன்?"

 ஹம்சாக்கா சட்டைப் பையைத் தடவி வண்டிச் சாவியை எடுத்தார்.

"கேறு வண்டியில. பார்ட்டிகிட்ட ஞான் பறஞ்ஞோளாம்." வண்டியில் ஏறு, பார்ட்டியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

4. சீழா, ரத்தமா

கவிதாவும் சண்முகமும் ஹம்சாக்காவின் வண்டியில் போனார்கள். நான் டியூட்டிக்குத் திரும்பினேன். போகும் முன் கவிதாவிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன்: "கீறினதும் வந்தது ரத்தமா சீழான்னு கேட்டு எனக்குப் போன் பண்ணு." ரத்தம் என்றால் குருத்து பெரும்பாலும் பிழைத்தது. சீழ் என்றால் கணக்கு வேறு.

தோப்பும்படி ஜங்ஷன் நெரிசலில் வண்டி நகரவில்லை என்று முதல் போன். பிறகு வெகு நேரம் போனே இல்லை. நான் ஒரு குழந்தையின் முழங்கால் காயத்துக்கு டிரெஸ்ஸிங் செய்தேன், ஒருவருக்கு டிடி ஊசி போட்டேன், ஒரு கிழவரின் பிரஷரை எடுத்து எழுத மறந்து திரும்ப எடுத்தேன். ரீனா டாக்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து "விளிச்சோ?" என்று கேட்டார், போன் வந்ததா என்று. மூன்றாவது தடவை கேட்கவில்லை, டீயை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

போன் வந்தபோது கவிதா அழுதுகொண்டிருந்தாள். 

"என்னடி வந்துச்சு? சொல்லு!"

"ரத்தம்க்கா. கறுப்பா, கட்டி கட்டியா. சீழ் இல்ல. ரெண்டு பக்கமும் கீறி எடுத்து துணி வச்சு அடைச்சிருக்காங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா சீழாயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. யாரு கண்டுபிடிச்சு அனுப்பினதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க சிஸ்டரக்கான்னு சொன்னேன்."

அன்று கேஷுவாலிட்டியிலிருந்து டிரெஸ்ஸிங் ரூமுக்கு நான் நடந்த நடையை யாராவது பார்த்திருந்தால், இந்தப் பொம்பளைக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பார்கள். ரீனா டாக்டரும் நானும் கையைத் தட்டிக்கொண்டோம். அவரும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தார். இருக்க வேண்டியதுதான். நான் சொன்னதைக் கேட்ட உடனே எழுந்த டாக்டர் அவர். எல்லாரும் எழுவதில்லை.

மூக்கில் அடைத்த துணியை எடுத்த பிறகும் வாசனை உடனே வரவில்லை. உள்ளே வீக்கம் வற்ற வேண்டும். அந்த நாட்களில் சண்முகம் பட்ட பாட்டை கவிதா துணி கொண்டுவரும்போதெல்லாம் சொல்வாள். சோப்பை முகர்ந்து பார்ப்பாராம், வெங்காயத்தை நறுக்கி முகர்ந்து பார்ப்பாராம், ஒன்றும் தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாராம். "வரும்னு சொன்னீங்களேக்கா" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். வரும் என்றுதான் திரும்பவும் சொன்னேன். சொல்லிவிட்டு எங்கள் டாக்டரிடம் போய், நான் சொன்னது சரிதானே என்று கேட்டேன். 

ஹம்சாக்கா வேலைக்கு வேறு ஆள் போடவில்லை. வெளிநாட்டுக்காரர்களிடம் என்ன பேசினாரோ, சாம்பிள் தள்ளிப்போனது. குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், செக்கப்புக்காக வந்த சண்முகம் கேஷுவாலிட்டி வாசலில் நின்றார். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். டிபன் கேரியரின் மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை.

"சிஸ்டர்" என்றார். "மத்திக் குழம்பா? குடம்புளி போட்டதா?"

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தேன். அவருக்கும் கண் கலங்கியது, எனக்கும் கலங்கியது. அந்த மத்திக் குழம்பில் பாதி அவருக்குத்தான் போனது.

5. கேட்கிற விதம்

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதை, கேஷுவாலிட்டியில் புதிதாக நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

மூக்கில் அடி என்றால் உடனே பார்க்க வேண்டியவை எவை என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். சரியாகப் பிடித்தும் நிற்காத ரத்தம். தெளிந்த தண்ணீர் ஒழுகுதல், அது மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். நினைவு தப்புதல், திரும்பத் திரும்ப வாந்தி, இரட்டைப் பார்வை, பல் கடி மாறுதல். இவை வந்தால் யாரும் தாமதிக்க மாட்டார்கள், பார்த்தாலே பயம் வரும். கோணலான மூக்குக்கும் ஆட்கள் வந்துவிடுவார்கள், கண்ணாடி இருக்கிறதே. வீக்கத்தில் கோணல் தெரியவில்லை என்றால் சில நாளில் வீக்கம் வற்றியதும் திரும்ப வரச் சொல்லுங்கள். ரொம்ப நாள் விட்டால் எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொள்ளும்.

ஏமாற்றுவது இந்த நடுச்சுவர் ரத்தக்கட்டுதான். பயமுறுத்தாமல் வரும். வெளியே பார்த்தால் தேறுகிற மாதிரி இருக்கும், எக்ஸ்ரே நன்றாக இருக்கும், மூக்கடைப்பு என்று வரும். அதனால் எந்த மூக்கடியானாலும் டார்ச் எடுத்து உள்ளே பாருங்கள். மறுநாள் திரும்பப் பாருங்கள். குழந்தைகளுக்கு இன்னும் கவனமாகப் பாருங்கள், அவர்கள் சொல்லத் தெரியாமல் சிணுங்கிக்கொண்டு மட்டும் இருப்பார்கள்.

அதோடு, எதிரே நிற்கிறவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். சுக்குக் குடோன் ஆளிடம் மூக்கடைப்பைக் கேட்டால் எப்பவும்தான் என்பார். ஐஸ் பிளான்ட் ஆளிடம் கை மரத்ததைக் கேட்டாலும் அதே பதில்தான். எப்பவும் இருக்கிறதைப் போலவா, வேறு மாதிரியா என்று கேளுங்கள். எங்கள் ஊரில் நோய் இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு, ஹம்சாக்காவின் குடோனில் சுக்கு பொறுக்கும் ராதாமணி வந்தாள். கூட சண்முகம். முந்தின நாள் மூட்டை இழுத்த ஆளின் முழங்கை அவள் மூக்கில் பட்டுவிட்டதாம்.

"ராத்திரிலேருந்து ரெண்டு பக்கமும் அடைச்சிருக்காம் சிஸ்டர். எப்பவும் அடைக்கிற மாதிரி இல்லையாம். நான்தான் வான்னு இழுத்துட்டு வந்தேன்" என்றார் சண்முகம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுச்சுவர் நேராக, ரோஜா நிறத்தில், நல்ல பிள்ளையாக நின்றது. நுனியைத் தொட்டேன், அவள் முகம் சுளிக்கவில்லை. டாக்டரும் பார்த்தார். சளி. வெறும் சளி. நாளைக்கு இன்னொரு தடவை காட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

ராதாமணிக்கு வெட்கமாகிவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு எழுந்தாள். "ஒண்ணுமில்லாததுக்கு வேலையக் கெடுத்துட்டு வந்து, உங்க நேரத்தையும் கெடுத்துட்டேன் சிஸ்டர்."

நான் வாய் திறப்பதற்குள் சண்முகம் சொல்லிவிட்டார்.

"ஒண்ணுமில்லன்னு சொல்றது நம்ம வேலை இல்ல ராதாமணி. அது சிஸ்டரோட வேலை. நாம வந்து நிக்கணும், அவ்வளவுதான்."